குரலில் வந்த கட்டுரை

"பேசினது அவன்தானே டீச்சர்? அப்புறம் எப்படி அது அவன் எழுதினது ஆகாது?"

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆண்டு 4 மாணவனின் தாயார் கேட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சுக்கு 5, எழுத்துக்கு 2. அதுதான் விவகாரம். 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் போன பிறகு 1 முதல் 6 வரையிலான இந்த அடைவுநிலையை பாட ஆசிரியர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

வீட்டில் செய்துவந்த தைப்பூசக் கட்டுரையில் வெள்ளி ரதம், தண்ணீர்மலை (பினாங்கு முருகன் கோயில்), பந்தல் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. 'கோயிலுக்கு போனோம்' என்று ஒற்று மிகவேண்டிய இடமெல்லாம் காலி. குரல்வழித் தட்டச்சு என்று பார்த்ததுமே தெரிந்தது. அதையே வகுப்பில் கையால் எழுதச் சொன்னால் 'வெல்லி ரதம்', 'தன்னீர்மளை', 'தேங்காய் உடைதார்கள்'. பந்தல் மட்டும் தப்பியது. த எழுத்துக்கு முன் ந் தவிர ண், ன் வர வழியில்லையே!

இங்குள்ள பேச்சில் ண, ன வேறுபாடு அநேகமாக இல்லை. ஆங்கிலம் அதிகம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ல, ள கூட ஒன்றுதான். கருவியோ ஒலியை மட்டும் நம்புவதில்லை, பக்கத்துச் சொற்களைப் பார்த்துப் பொருந்தும் சொல்லைப் போட்டுவிடுகிறது. பிள்ளை எப்படி உச்சரித்தாலும் திரையில் சரியாக விழுவதால், பிழை இருப்பதே அவனுக்குத் தெரிவதில்லை. "பேசினது அவன், எழுத்துக் கூட்டினது போனுங்கம்மா" என்ற பதில் அந்த வகையில் சரி.

முழுக்கச் சரியா என்றால் தயக்கம்தான். எழுத்துத்திறன் என்பது எழுத்துக்கூட்டல் மட்டுமல்லவே. ரதம் வரும் முன் சாலையில் குவித்த தேங்காய், உடைத்தபின் வழுக்கிய தார்ச்சாலை, செருப்பைக் கையில் பிடித்த அப்பா என்று அவன் கட்டுரை வரிசையாகப் போகிறது. பயிற்சிநூல் தொடக்கம் எதுவும் இல்லை. வீட்டில் ஆங்கிலம்தான்; தமிழ், சுங்கை சிப்புட் ஊரில் இருக்கும் பாட்டிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் குரல்பதிவில் மட்டும். கேட்பவர் எதிரில் இல்லை, குறுக்கே கேள்வி கேட்கவும் மாட்டார். அதனால் எங்கே, யார், அடுத்து என்ன என்று எல்லாவற்றையும் அவனே சொல்லியாக வேண்டும். எழுத்துக்கூட்டலை மறைக்கிற அதே கைப்பேசிதான் கோவையாகச் சொல்லவும் பழக்கியிருக்கிறது.

தாயாரிடம் சொன்ன வழி இது: பாட்டிக்கு அனுப்பிய பதிவையே ஓடவிட்டு, அதிலிருந்து ஐந்து வாக்கியம் சொல்வதெழுதுதல். பிறகு திரையில் விழுந்ததோடு ஒப்பிட்டு, மாறியதை அவனே வட்டமிட வேண்டும். டகரத்துக்கு முன் ண் (வண்டி), றகரத்துக்கு முன் ன் (கன்று). இரட்டித்தால் அது ற; ர இரட்டிக்காது. முப்பது சொல் பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் ஆகும், மறுவாரம் கரையும். ல, ள சீக்கிரம் பிடிபடும். ஒற்றை ர, ற இழுக்கும், அங்கே காது உதவாது, வாசிப்புதான்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்க 15 மாணவர்களின் பெற்றோராவது வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். அந்தப் பதினைந்தில் இந்தத் தாயார் சேராமல் போக ஒரு 2 காரணமாகிவிடுமோ என்ற கணக்கும் உள்ளுக்குள் ஓடாமல் இல்லை. அதற்காக 3 போடவும் முடியவில்லை.