பூட்டிக் கிடந்த வீடு எரிந்தபோது நாங்கள் செய்தவை

புரசைவாக்கத்தில் லாரி நுழையாத ஒரு சந்தில் அம்மாவின் பிறந்த வீடு இருக்கிறது. தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிய கூரை. கடைசியாகக் குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு பூட்டியே கிடந்தது. தீபாவளி ராத்திரி எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று மாடியில் இருந்த கீற்றுக் கொட்டகையில் விழுந்துவிட்டது. உள்ளே பழைய மெத்தை, கட்டில், பேப்பர் கட்டுகள். தீ அங்கிருந்து ஜன்னல் வழியாக மாடி அறைகள் இரண்டுக்கும் பரவியது. தீயணைப்பு வீரர்கள் குழாயைச் சந்துக்குள் இழுத்து வந்து அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. கீழ்வீடு எரியவில்லை என்றாலும் முழுக்க நனைந்து, கரி படிந்து நின்றது.

இப்படி ஒரு வீடு கையில் வந்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, ஆள் வைத்து அள்ளிக் கொட்டிக் கழுவிவிடலாம் என்பதுதான். அந்த எண்ணத்தைத் தள்ளிப்போட்டது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. முதலில் வீட்டை மூட வேண்டும். மின்சாரத்துக்கு, மழைக்கு, திருட்டுக்கு என்று மூன்றுக்கும். சுத்தம் அதற்குப் பிறகுதான்.

மின்சாரம் என்று சொல்லும்போது மெயின் சுவிட்சை அணைப்பதை மட்டும் சொல்லவில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரின் உறை உருகியிருக்கும், சுவரோ ஈரமாக இருக்கும். மீட்டர் வரைக்கும் உயிருள்ள லைன் வந்துகொண்டிருக்கும். அதனால் ஈ.பி. அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, லைன்மேன் வந்து தெருவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் வரை யாரையும் உள்ளே விடவில்லை. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரும் பதிவு செய்தோம். பின்கட்டில் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தது. அதற்கு 1906 என்ற அவசர எண் இருக்கிறது. கூப்பிட்டதும் வந்து எடுத்துப் போனார்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். எங்களிடம் இருந்தது, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா வகைப் பாலிசி. வீடு காலியாக இருப்பதை அண்ணன் முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்திருந்தார். பழைய வகைத் தீ காப்பீட்டில், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். எங்கள் பாலிசியில் இன்னொரு வரியும் முக்கியமாகப் பட்டது: தீ விபத்தை ஒட்டி நடக்கும் திருட்டுக்கு, விபத்து நடந்து 7 நாளைக்குள் என்றால்தான் இழப்பீடு. அதற்குப் பிறகு போவது நம் கையைவிட்டுப் போனதுதான். இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை, பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை தருவார்கள். இந்தச் சந்தில் 2 சதவீதம் கூலிக்கே காணாது என்பது வேறு விஷயம். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு கட்டையைக்கூட நகர்த்தாமல் எல்லா அறையையும் மூலை மூலையாகப் படம் எடுத்து வைத்தோம். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுத்தோம், போலீஸ் ஸ்டேஷனில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். இந்த இரண்டு தாளும் இல்லாமல் கோரிக்கை நகராது.

திருட்டு நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. எரிந்த ஒயரில் செம்பு இருக்கிறது, பழைய குழாய்கள் பித்தளை, கதவெல்லாம் பர்மா தேக்கு. காயலான் கடையில் எடைக்குப் போட்டால் உடனே காசு. பின்பக்கச் சுவர் ஏறி வந்து மாடி ஒயரை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு விளக்கைப் போட்டதால் கதவு தப்பியது. மறுநாளே கீழ் ஜன்னல்களை உள்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்தோம். மாடித் திறப்புகளுக்குத் தகர ஷீட், தெருப்பக்கம் வெல்டரை வைத்து இரும்புச் சட்டத்தில் ஒரு கதவு. முற்றத்துக் கிணற்றுக்கும் கம்பி வலை போட்டுப் பூட்டினோம். தெருப் பிள்ளைகள் பந்து எடுக்க ஏறிக் குதிக்கும் வீடு அது. எனக்கு ஒயர் போனதைவிட அந்தக் கிணறுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மழை எந்த நேரமும் வரும் நிலை. தீபாவளி முடிந்த ஐப்பசி என்றால் சென்னையில் கேட்க வேண்டுமா? மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைக் குறுக்காகச் செருகி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு பதித்த கூரை. தட்டோடு சூட்டில் விரிசல் விட்டால் சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பத்துக்குப் பத்து அறையின் மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றாலே 230 கிலோவுக்கு மேல் வரும். கரிந்த கட்டைகள் அதைத் தாங்குமா என்று தெரியாது. அதனால் அடைப்பு வேலையோடு சேர்த்தே சவுக்குக் கட்டைகளை அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுத்தோம். மாடி அறைக்கு மட்டும் கொடுத்தால் பாரம் முழுக்கக் கீழ்த்தளக் கூரையில் இறங்கிவிடும் என்று, நேர் கீழே கூடத்திலும் கொடுக்கச் சொன்னார் மேஸ்திரி. தார்ப்பாயை நடுவில் உயர்த்திச் சரிவாகக் கட்டினோம். கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டவில்லை. அது வெடித்திருந்தது, காற்றில் தார்ப்பாய் இழுத்தால் சுவரோடு தெருவில் விழும்.

அந்த மேஸ்திரி வந்தவாசிப் பக்கத்துக்காரர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். அவர் கட்டைகளைச் சோதித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உளியால் கரியைச் சுரண்டிக்கொண்டே போனார். ஒரு விரற்கடை போனதும் கருப்பு போய்ப் பழுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் பொன்னிறம், தேக்கின் எண்ணெய் வாசனை. “தம்பி, தொட்டுப் பாருங்க. உள்ள உசுரு இருக்கு,” என்றார். பிறகு சுத்தியால் தட்டி ஒவ்வொன்றின் ஓசையையும் கேட்டு, நல்லதுக்குச் சாக்பீஸில் ஒரு கோடு, மாற்ற வேண்டியதற்குப் பெருக்கல் குறி.

பின்னால் வந்து பார்த்த கட்டமைப்புப் பொறியாளர் இதற்கான காரணத்தைச் சொன்னார். மரம் சுமார் 300 டிகிரியில் கரியாகிறது. அந்தக் கரியே உள்மரத்தைச் சூட்டிலிருந்து காக்கிறது. தேக்கு மாதிரி அடர்த்தியான மரத்தில் ஒரு மணி நேரம் எரிந்தாலும் ஏறக்குறைய 3 செ.மீ. ஆழம்தான் கரியும். பக்கத்து அறை பிற்காலத்தில் இரும்பு கர்டர் (உத்தரம்) போட்டுக் கட்டியது. இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரியைத் தாண்டினால் பலம் பாதியாகிவிடும். அந்த கர்டர் நடுவில் தொங்கி, இரு பக்கச் சுவரையும் நெட்டித் தள்ளியிருந்தது. பார்வைக்கு மோசமாகத் தெரிந்த மர அறையைக் காப்பாற்ற முடிந்தது. கரி மட்டும் படிந்து முழுசாகத் தெரிந்த கர்டர் அறையைத்தான் இறக்க வேண்டியிருந்தது. எரிந்த வீட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பொறியாளரின் கட்டணம் எனக்குக் கொஞ்சமும் வீணாகத் தோன்றவில்லை.

அள்ளும் வேலை மேலிருந்து கீழே நடந்தது. பின்கட்டுக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தது. தீப்பிடித்தபோது அது படபடவென்று வெடித்ததைக் கேட்டுத்தான் சிலிண்டர் வெடிக்கிறது என்று தெருவே பயந்ததாம். அந்தத் துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. உடைந்த விளிம்பிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் கையால் எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றித் தனியாக வைத்தோம். சித்தாள்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். அது போதாது என்று வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை அது.

மற்ற இடிபாட்டைச் சாக்கில் கட்டிச் சந்து முனைவரை சுமந்து, அங்கிருந்து குட்டியானையில் ஏற்றினோம். ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறேன் என்று ஒரு வண்டிக்காரர் குறைந்த விலை சொன்னார். வேண்டாம் என்றோம். மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேட்டால் எங்கே கொண்டுபோவது என்று சொல்வார்கள்.

அப்புறம் கரி. சுவரில் படிந்த புகைக்கரி எண்ணெய்ப் பசை உள்ளது. ஈரத்துணி பட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். முதலில் வேக்குவம் கிளீனர், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் சோப்புத் தண்ணீர். ஜன்னல் கம்பிகளையும் பூட்டுகளையும் இதற்கெல்லாம் முன்பே துடைத்து எண்ணெய் போட்டோம். பி.வி.சி. ஒயர் எரிந்த புகையில் அமிலம் இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கும். வாசனை போகாத இடத்தில் பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம்.

நடுவில் இடித்துவிட்டு பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்று பெரிய மாமா சொன்னார். அவருக்கும் பங்கு இருக்கிறது, சொல்ல உரிமையும் இருக்கிறது. பொறியாளரின் அறிக்கையை அனுப்பிய பிறகு, சரி, கீழ்வீடாவது நிற்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாரிசுகள் எல்லாருடைய சம்மதமும் எழுத்தில் இருந்ததால்தான் இழப்பீட்டுப் பணம் அம்மா கணக்குக்கு வந்தது.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் கர்டர் அறையை இறக்கினோம். பெருக்கல் குறி போட்ட கட்டைகளுக்குப் பதிலாக, பழைய வீடு இடிக்கும் காண்ட்ராக்டரிடம் அதே அளவுத் தேக்கு வாங்கி மாற்றியாகிவிட்டது. இப்போது ஒயரிங் புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் சோதனை அறிக்கையும் கையில் வந்த பிறகுதான் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை மாடித் தகரத்தைப் பிரிக்கப் போவதில்லை.