அப்பாவும் இரும்பும்

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இன்றோடு 12 நாள். சேலத்தில் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டாம் நாள் ஸ்கேனிலேயே கசிவு நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் ஆறாம் நாள் வீக்கம் கூடிவிட்டது. நின்றுபோன ரத்தம் எப்படிக் கெடுதல் செய்யும்? டாக்டரிடம் கேட்டேன், அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

உறைந்து கிடக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சில நாட்களில் உடைகின்றன. உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. அதிலிருந்து ஹீம் என்ற இரும்புள்ள பகுதி பிரிகிறது. ஹீமை ஒரு நொதி உடைக்கும்போது இரும்பு தனியாக வந்துவிடுகிறது. செல்களில் இயல்பாகவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அந்த இரும்பு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும்; பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் துகள் அது. அது செல்லின் கொழுப்புச் சவ்வையே சிதைத்துவிடும். இரும்பால் செல் இப்படிச் சாவதற்கு 2012-ல்தான் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் ஊர் கஞ்சமலை அடிவாரம். சின்ன வயதில் ஓடை மணலில் காந்தத்தை உருட்டி, கறுப்பு இரும்புத்தாதுத் துகள் ஒட்டுவதை எனக்குக் காட்டியவர் அப்பாதான். படிக்கும்போது அந்தக் காந்தம்தான் கண்ணில் நின்றது.

இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்சமின் மருந்தைச் சோதித்திருக்கிறார்கள். 2019-ல் வந்த முடிவில், 90 நாளில் தெளிவான பலன் தெரியவில்லை. அதைப் படித்ததும் அழுதுவிட்டேன். சரி, மூளையிலேயே மைக்ரோக்ளியா என்ற செல்கள் உடைந்த ரத்தத்தை விழுங்கிச் சுத்தம் செய்யுமாம். அவற்றைத்தான் இப்போது நம்பியிருக்கிறேன்.

இன்று காலை முகம் துடைத்துவிடும்போது அப்பா என் விரலை இறுக்கிப் பிடித்தார். வலது கையால்.