புகைபோக்கி இல்லாத வீடு

இங்கிலாந்தின் தென்கோடியில் சிச்செஸ்டருக்கு வடக்கே, சிங்கிள்டன் என்ற சிற்றூரில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. வேறிடங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். நான் போனது பேலீஃப் என்ற பண்ணை வீட்டுக்காக. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டது.

உள்ளே நுழைந்ததும் விறகுப் புகை மூக்கில் ஏறியது. கூடத்தின் நடுவே வெறும் தரையில் நெருப்பு எரிகிறது, புகைபோக்கி கிடையாது. கூடத்துக்கு மேல் மாடியும் இல்லை, நிமிர்ந்தால் முகடுவரை வெட்டவெளி. புகை மேலே எழுந்து, சற்றுத் தேங்கி, ஓடுகளின் இடுக்கு வழியே கசிந்து போகிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும், குளிருக்கு அடைத்துக்கொள்ளப் பலகைக் கதவும்தான். இவ்வளவு புகையிலும் வீட்டின் கௌரவமான இடம் இதுதான். கூடத்தின் ஒரு கோடியில், பெரிய ஜன்னலின் வெளிச்சம் விழும்படி, குடும்பத் தலைவரின் மேசை. மறுகோடியில் எதிரெதிரே இரு வாசல்கள். அவற்றுக்கு அப்பால் உணவுப் பண்டங்களுக்கு ஓர் அறை, பானங்களுக்கு ஓர் அறை. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தச்சரே தீர்மானித்துவிட்டார்!

இந்த வீட்டில் சுவர் எதையும் சுமப்பதில்லை. பாரம் முழுவதும் ஓக் மரச் சட்டத்தின் மேல். தூண்களுக்கு இடையே ஓக் குச்சிகளை நட்டு, விளார்களைக் குறுக்கே பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணை அப்பியிருக்கிறார்கள். கூடை முடைந்து மண் பூசியதுபோல் இருக்கிறது. வெளியே மரங்கள் சாயமின்றி வெளிறிய சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. ஆங்கிலேயப் பழைய வீடு என்றதும் நினைவுக்கு வரும் கறுப்பு வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். எனக்கு இந்தச் சாம்பல்தான் அழகு.

ஒரு மூட்டின் அருகே போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டையும் பிடித்திருப்பது ஓர் ஓக் ஆணி. மரத்தைப் பச்சையாகவே வெட்டி இழைப்பார்கள், அப்போதுதான் உளி இறங்கும். ஆணிக்காக இரு மரங்களிலும் இடும் துளைகளை நேர்கோட்டில் போடாமல் சற்றே தள்ளிப் போடுவதால், ஆணியை அடிக்க அடிக்க மூட்டு இறுகிக்கொள்ளும். இப்படி இணைத்ததைப் பிரிக்கவும் முடியும். கென்ட் மாவட்டத்தில் பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டியபோது இவ்வீடு இருந்த நிலம் அதற்குள் வந்தது. அதனால் 1968–69இல் இதைக் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். செங்கல் வீடாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதில் நடந்திருக்காது.

கூடத்தை ஒட்டிய பகுதிக்கு மாடி உண்டு, அங்கே எஜமானரின் படுக்கையறை இருக்கிறது. அந்தப் பகுதியே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்ததுதான். தட்டுமுட்டுச் சாமான்கள் 1540 வாக்கில் இருந்திருக்கக்கூடியவற்றின் நகல்கள். கட்டிலைவிட என்னை ஈர்த்தது அதை ஒட்டிய சிறு கழிப்பறை: சுவருக்கு வெளியே துருத்திய ஒரு கூண்டு, உட்காரப் பலகை, அதில் ஓர் ஓட்டை. கீழே வேறொன்றும் இல்லை. செல்வந்தருக்கு மட்டுமே அன்று கிடைத்த வசதி இது!