கதவுப் பையில் கிடந்த நீல அட்டை

ஜெர்மனியில் வாடகைக் கார் எடுத்த மூன்றாம் நாளே எனக்கு 20 யூரோ அபராதம் விழுந்தது. ஒரு சிற்றூரின் கடைவீதியில், கட்டணம் செலுத்தும் இயந்திரம் எதுவும் கண்ணில் படாததால் இலவச இடம் என்று நம்பிக் காரை நிறுத்திவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. இலவச இடம் என்பது உண்மைதான். வந்த நேரத்தைக் காட்டும் அட்டையை வைக்காததுதான் என் குற்றம்.

பார்க்‌ஷைபே என்னும் அந்த அட்டை நீல நிறமுடையது; 11 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்டது, அதில் மணி எண்கள் அச்சிட்ட வட்டு ஒன்று சுழலும். என் காரின் கதவுப் பையிலேயே அது கிடந்ததை அபராதத்திற்குப் பிறகே கவனித்தேன். வந்து சேர்ந்த நேரத்தை அப்படியே வைப்பதில்லை, அதற்கு அடுத்து வரும் அரை மணிக் கோட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. 10:05க்கு வந்தவர் 10:30 என்று வைக்கலாம். ஒரு மணி நேரம் அனுமதி உள்ள இடமென்றால் 11:30 வரை கவலையில்லை. கறாருக்குப் பெயர்போன நாட்டில் இப்படியொரு தாராளமா என்று வியந்தேன். ஆனால், காரை நகர்த்தாமல் வட்டை மட்டும் திருப்பி நேரத்தை நீட்டித்துக்கொள்வது விதிமீறல்.

அறிவிப்புப் பலகையில் ‘வெர்க்டாக்ஸ்’ என்றிருந்தால் அந்தக் கட்டுப்பாடு வேலை நாளுக்கு மட்டும் என்று பொருள். அதில் சனிக்கிழமையும் அடங்கும் என்பது வெளிநாட்டவர் பலரும் தடுக்கி விழும் இடம். மூன்று நிமிடத்திற்கு மேல் நின்றாலோ, காரை விட்டு அகன்றாலோ அது ‘நிறுத்தம்’ (பார்க்கிங்) ஆகிவிடுவதால், விளக்கை மினுக்கவிட்டு ஓடிப்போய் வருவதும் உதவாது. இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் இடம் காலியாக இருக்கிறதே என்று குறுக்கே போய் நிறுத்துவதற்கும் அபராதம் உண்டு.

சீட்டில் குறித்திருந்த வங்கிக் கணக்கிற்கு அன்றே பணம் அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் விட்டிருந்தால், கடிதம் வண்டியின் உரிமையாளரான வாடகை நிறுவனத்திற்குப் போகும். அவர்கள் என் முகவரியைக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று தனிக் கட்டணத்தையும் என் கடனட்டையில் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.