நாடாவை எங்கே வைப்பது?

உப்புவெளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். காற்சட்டைக்கு அளவெடுத்தால் பலர் வண்டியை, அதாவது வயிற்றை, உள்ளே இழுத்துப் பிடிப்பார்கள். பெல்ட்டும் வண்டிக்குக் கீழேதான் இருக்கும். அந்த அளவு துணிக்குச் சரி. உடம்புக்கு அளவு வேறு இடத்தில்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. எட்டினாலே நீரிழிவு அபாயம் கூடுகிறது.

கைகால் மெலிந்தவர்களுக்கும்தான். “நிறை சரியாத்தானே தம்பி இருக்கு” என்று ஒரு மீன் வியாபாரி அண்ணன் கேட்டார். தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பைவிட, குடலைச் சுற்றிச் சேர்வது மோசம். அதிலிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு ஈரல் சரியாகப் பணியாது. கணையம் இன்சுலினைக் கூடக்கூடச் சுரந்து, கடைசியில் களைத்துப்போகும்.

வெறுவயிற்றில் இரத்தச் சீனி பார்க்கச் சொன்னேன். 100இலிருந்து 125 mg/dL வரை என்றால் நீரிழிவுக்கு முந்திய நிலை, இன்னும் தடுக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, நிறையில் 7 வீதம் குறைப்பு: அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் இவ்வளவே அபாயத்தை 58 வீதம் குறைத்தது. அண்ணன் இப்போது மாலையில் கடற்கரையில் நடக்கிறார். உங்களுக்கும் அளந்து பார்க்க வேண்டுமென்றால் கடைக்கு வாங்கோ, காசு வேண்டாம்.