காஸ் கார் பல வருஷம் ஓட

சென்னையில் ஓடுகிற சீஎன்ஜி (அழுத்திய இயற்கை வாயு) காரைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டாலும் கொழும்பில் அதை நிரப்ப இடமில்லை. இங்கே காஸ் கார் என்றால் எல்பிஜி, அதாவது திரவமாக்கிய பெற்றோலிய வாயு பூட்டியதுதான்.

தாங்கியிலிருந்து திரவமாக வரும் எல்பிஜி, ரெடியூசர் என்கிற அழுத்தம் குறைக்கும் பாகத்தில் ஆவியாகும். அதற்கு வேண்டிய சூட்டை ரேடியேற்றர் தண்ணிதான் கொடுக்கிறது. அதனால் காலையில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபின் காஸுக்கு மாற்றுங்கள். ரெடியூசரின் வெளிப்பக்கம் வெள்ளையாக உறைபனி பிடித்தால் காஸில் பிழையில்லை. தண்ணி குறைந்திருக்கும், அல்லது ஹோஸில் காற்று அடைத்திருக்கும். கராஜில் முதலில் ரெடியூசரை மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள்.

வால்வு விஷயம் கொஞ்சம் ஏமாற்றும். காஸில் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கை தேயத் தேய டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) சுருங்கும். சத்தம் அதிகரிக்காது, குறையும். பிறகு வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் இழுவை விட்டுவிட்டு வந்தால் பிளக், கொயிலைப் பாருங்கள்.

பெற்றோல் தாங்கியைக் காலியாக வைக்காதீர்கள், உள்ளே பம்ப் சூடேறும்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்று. காஸ் தாங்கியைப் பிடிக்கும் பட்டியின் அடிப்புறம்தான் முதலில் துருப்பிடிக்கும். காஸ் தாங்கியை 80 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. கசிவு பார்க்க சவர்க்கார நுரை போதும். எல்பிஜி காற்றைவிடப் பாரம், நிலக்கீழ் தரிப்பிடத்தில் தரையோடு தேங்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் தாங்கி வால்வைப் பூட்டுங்கள்.