நாலு ரூபாயிலிருந்து ஐந்து ரூபாய்க்கு

மெயின்டனன்ஸை சதுர அடிக்கு நாலு ரூபாயிலிருந்து ஐந்தரை ஆக்கலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதில் சொல்லி மாளவில்லை. "யாருமே போகாத ஜிம்முக்கு எதுக்கு சார் இவ்வளவு?" என்பதுதான் பலரின் கேள்வி. சென்னை ஓஎம்ஆரில் 48 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. அந்த வருடம் பொருளாளர் நான்.

ஜிம்முக்கு ஆகும் செலவு கரண்ட் மட்டும்தான். பணம் போவது ஆளுக்கும் தண்ணீருக்கும். கேட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்றால் ஆளுக்கு 12 மணி நேர ஷிஃப்டாக இரண்டு பேர், அவர்கள் வார விடுமுறைக்கு மாற்று ஆள், ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கழிவுநீர் பிளான்ட் ஆபரேட்டர் சம்பளம் இவற்றிலும் குறைக்க வழியில்லை.

ஐந்தரைக்கு வேறொரு முட்டுக்கட்டையும் இருந்தது. எங்கள் பெரிய வீடுகள் 1,500 சதுர அடி. ஐந்தரை என்றால் 8,250 ரூபாய். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் என்பதால், மாதக் கட்டணம் 7,500-ஐத் தாண்டினால் அந்த வீட்டுக்காரர்கள் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். ஐந்து ரூபாயில் நின்றால் சரியாக 7,500. மிச்ச ஐம்பது பைசாவைச் செலவில்தான் பிடிக்க வேண்டும்.

செக்யூரிட்டியின் தண்ணீர் லாரி நோட்டைப் புரட்டினேன். மெட்ரோ வாட்டர் குழாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை. 12,000 லிட்டர் லாரி, மாதம் 60 லோடு, லோடு 1,500 ரூபாய். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்றால், கிச்சனுக்கும் ஒவ்வொரு பாத்ரூமுக்கும் மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்குகிறது. ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டராவது வேண்டும்.

பிளம்பர்தான் மலிவான வழி சொன்னார். ஃப்ளஷ் டாங்கில் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் காத்திருக்க வேண்டும். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் கசிவு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நீல பாட்டிலோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். 14 வீடுகளில் நீலம், அதில் எங்கள் வீடும் ஒன்று. சத்தமே வராத கசிவு. வாஷர் மாற்றியதும் அடுத்த மாதம் 43 லோடுதான் வந்தது.

பொதுக்குழுவில் ஐந்து ரூபாய் நிறைவேறியது. இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் நாலு ரூபாய்க் கணக்கில்தான் அனுப்புகிறார்கள். கேட்டால், "ஆடிட் முடியட்டும் சார்."